சொல்லாமல் விட்ட ஒரு சத்தம்

அன்புள்ள ஜெரோம்,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பாடியில் இருந்த தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் நான் இருந்த காலத்தில், எந்த அறிக்கையானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே எண் போட்டு எழுதிவிடுவோம். படிக்கிறவருக்குப் பொறுமை இல்லாவிட்டால் தனக்கு வேண்டிய எண்ணுக்கு நேராகப் போய்விடலாம். உனக்கும் பொறுமை இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆகவே அப்படியே செய்கிறேன்.

1. ஜெனி மருத்துவமனையில் ஏன் உண்மையை மறைத்தாள்.
2. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை.
3. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தையின் வயிற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது: தண்ணீர், கஞ்சி, மற்றவை.
4. நடையும் கழிப்பறையும்.
5. உன்மேல் எனக்குள்ள வருத்தம்.
6. நான் எப்போது உன் வீட்டுக்கு வரலாம்.

மூன்றும் நான்கும் உனக்குப் பயன்படும். மற்றவற்றை என் பொருட்டு எழுதுகிறேன். வேண்டாமென்றால் தள்ளிவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருவாள். அவளை வர வேண்டாம் என்று நீ சொல்லவில்லை அல்லவா?

முதல் குறிப்பு. நடந்ததை உன் மாமியாரிடமும் மைத்துனரிடமும் நீ ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறாய். அது சுற்றி வந்து என் காதிலும் விழுந்தது. அதனால் நான் பார்த்ததை முறையாக எழுதுகிறேன். ஜெனிக்குக் குடல்வால் வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவி, அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துவிட்டாள். அதன் பிறகு நாம் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தோம். வயிற்றைத் திறந்து தைத்தால் குடல் சில நாள் அசையாமல் படுத்துக்கொள்ளும், அது மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் காற்று பிரிவதுதான், அதுவரை வாய் வழியாக எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஏழு வயதுக் குழந்தை குசு விடுவதற்காக, அம்பத்தூரிலிருந்தும் சென்னீர்குப்பத்திலிருந்தும் வந்த படித்த பெரியவர்கள் இத்தனை பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து அவளிடம் அதையே கேட்டார்கள். நீ பெங்களூரில் இருக்கும் உன் மைத்துனரை வீடியோவில் அழைத்து, அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "மாமாகிட்ட சொல்லு, வந்துச்சா இல்லையா?" என்றாய். அவள் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் மருமகள் ஷீபா மருந்து வாங்கக் கீழே போனாள். நீ அலுவலக அழைப்பில் வராந்தாவில் நின்றிருந்தாய். நான் ஜெனிக்குக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முதலை வாயைத் திறக்கும் இடத்தில் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம் இல்லை. நான் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் என்னைப் பார்த்தபடி உதட்டின்மேல் விரலை வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த விரல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் பெரியப்பா நம்மோடு இருந்த நாட்களில், மாலை ஜெபமாலைக்கு முழங்காலில் நின்றால் அவருக்குக் காற்று சத்தத்தோடு பிரியும். நீ சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடிப்பாய். அம்மா ஜெபத்தை நிறுத்தாமலே உன் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைப்பாள். சிரித்துவிட்டால் அந்தப் பத்து மணிகளையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்டவன் கேட்கவில்லை, அதுதான் நம் வீட்டு மரியாதை. பெரியப்பா போய்விட்டார், வழக்கம் போகவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஜெனியும் அந்த மாலைகளில் எங்களோடு முழங்காலில் நின்றவள்தான். ஆகவே என் முடிவு இது: அவள் வெட்கத்தால் மறைத்தாள். வெட்கத்தை நாம் பழக்கியிருக்கிறோம், பிறகு பத்துப் பேர் முன்னால் அதை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இனி வயிற்றைப் பற்றி எதைக் கேட்பதானாலும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது குறிப்பு. சற்று நேரத்தில் அந்த ஆயா வந்தாள். தினமும் எல்லாக் கட்டிலிலும் இதையே உரக்க விசாரித்துக்கொண்டு போவாளே, அவள்தான்.

"இன்னா கண்ணு, காத்து பிரிஞ்சிச்சா? வுட்டாத்தான் கஞ்சி. வுடலன்னா பட்டினிதான்."

ஜெனி இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆயா என் பக்கம் திரும்பி, "பெர்சு, உனுக்கு எதுனா கேட்டுச்சா?" என்றாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். "செர்தான்," என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள் ஆயா. "பேத்தி வுடாம கீது, தாத்தா காது கேக்காம கீறாரு. நல்ல ஜோடிதான்."

மறுநாளும் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பவும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் முகம் சரியில்லை. எடுத்துவிட்டிருந்த மூக்குக் குழாயைத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதும்தான் ஜெனி அலறினாள். வந்தது, நேற்றே வந்தது, தாத்தாவுக்குத் தெரியும் என்றாள். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நீ என் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனாய். கூட்டிப் போனாய் என்று எழுதுவது மரியாதைக்காக. உன் மாமியார் பின்னாலேயே வந்து நின்றார்கள். "எனக்குன்னா ஓடுனீங்க," என்றாய். "என் பொண்ணுக்கு ஏன் ஓடலப்பா?"

ஓடியது உண்மைதான். நான்காம் வகுப்பில் உனக்கும் இதே குடல்வால்தான் வந்தது. நீளக் கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். நீ எழுந்து உட்கார்ந்து, "அப்பா, வந்துருச்சு" என்று கத்தினாய். கூடம் முழுக்கச் சிரித்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் நர்ஸ் அறைக்கு ஓடினேன். உனக்கு ஒரு கரண்டி வெந்நீர் கொடுத்தார்கள். நீ அதைக் கல்யாணப் பாயசம் போலச் சப்புக்கொட்டிக் குடித்தாய். அன்று எனக்குக் கூச்சம் எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். அன்று யாரும் என்னைப் பேசாதே என்று சொல்லியிருக்கவில்லை.

ஜெனியைச் சேர்த்த அன்று மாலை, முந்திய நாள் பள்ளிக்கூட வாசலில் அவள் பேல்பூரி சாப்பிட்டதை நான் டாக்டரிடம் சொன்னேன். உதவும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "டாக்டர்கிட்ட நாங்க பேசிக்கிறோம்ப்பா. நீங்க நடுவுல பேசிக் குழப்பாதீங்க. சும்மா உக்காந்திருந்தா போதும்." நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இரு என்று சொல்லப்பட்டவன் எந்த நேரத்தில் அந்தக் கட்டளையை மீற வேண்டும் என்று தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை. தொழிற்சாலையிலும் அப்படித்தான். சரியில்லாத உருப்படியை எடுத்துத் தனியே வைப்பேனே தவிர, யாரிடமும் குரலை உயர்த்தமாட்டேன். நீ கட்டளையிட்டாய் என்பதற்காக என் கோழைத்தனம் குறைந்துவிடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது குறிப்பு. இதையாவது நிதானமாகப் படி. டாக்டர் சொன்னது முதலில், நான் சொல்வது அதற்குப் பிறகுதான். ஒரே நேரத்தில் கிண்ணம் நிறையக் கொடுக்காதீர்கள். படுத்துக் கிடந்த குடல் நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்தவனைப் போன்றது. அவனிடம் மூட்டை தூக்கச் சொல்லமாட்டோம். முதலில் வெந்நீர், ஒவ்வொரு மடக்காக. அது வயிற்றில் தங்கினால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். அதுவும் தங்கினால் குழைந்த கஞ்சி, பிறகு இட்லி, தயிர்சாதம், பருப்பு. எண்ணெயில் பொரித்ததும் காரமும் கொஞ்ச காலம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, ஒருவேளை வயிறு முட்டக் கொடுப்பதைவிட நல்லது. போனில் பொம்மைப்படம் காட்டி ஊட்டாதீர்கள். கண் போனில் இருந்தால் வயிறு நிறைந்ததும் தெரியாது, வலித்தாலும் தெரியாது. அவள் போதும் என்றால் போதும்தான். "தாத்தா முறைப்பார், சாப்பிடு" என்று என் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதாகவும் அம்மா சொன்னாள். வராதவனை ஏன் இழுக்கிறீர்கள்?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நீயே பார்த்தாய். பக்கத்துக் கட்டிலில் திருமழிசையிலிருந்து வந்திருந்த பெண், ஜெனியைவிட இரண்டு வயது பெரியவள். பால் கொடுக்கலாம் என்று சொன்னதும் அவள் அம்மா ஆசையில் டம்ளர் நிறையக் கொடுத்துவிட்டாள். முழுவதையும் வாந்தி எடுத்தாள். திரையை இழுத்துவிட்டு அவளுக்கு மறுபடி மூக்கில் குழாய் விட்டார்கள். அந்தக் குழந்தை போட்ட கத்தல் என் காதில் இன்னும் இருக்கிறது. ஜெனி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பி முதலைக் கதையைத் தொடங்கினேன். வாந்தி பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பிக் கல்லைப் போல இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓமத்தண்ணீர், விளக்கெண்ணெய் என்று யாராவது கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிடு.

நான்காவது குறிப்பு. குடலை எழுப்புவதற்கு நடையைப் போல எதுவும் இல்லை. உங்கள் அடுக்குமாடியின் நடைபாதையில் காலையும் மாலையும் மெதுவாக நடக்க விடு. இருமும்போதும் எழும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல், தையல் இழுக்காது. உங்கள் வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை. அதில் அவளுக்குக் கால் தொங்கும். தொங்கும் காலோடு எந்தக் குழந்தையாலும் முக்க முடியாது. காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடு. சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல். வராவிட்டால் எழுந்துவிடட்டும், திட்டாதே. வலி மாத்திரைகள் சிலவற்றுக்கு மலத்தைக் கட்டிவிடும் குணம் உண்டு. எதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்று டாக்டரிடம் கேள். நீயே கேள். நான் கேட்கமாட்டேன்.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் நீ போடும் செய்திகளை நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பதில்தான் போடுவதில்லை. ஒவ்வொரு வேளையும் காலிக் கிண்ணத்தின் படம் வருகிறது. அம்மாச்சி கொடுக்கும் கஞ்சியை ஜெனி பால்கனியில் உட்கார்ந்து தானே முழுக்கச் சாப்பிட்டுவிடுகிறாள் என்று எழுதுகிறாய். எல்லாரும் கட்டைவிரல் காட்டுகிறார்கள். அதே குழுவில், வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒழுங்காக வெளிக்குப் போகவில்லை என்றும், சோர்ந்து படுக்கிறாள் என்றும், குடலில் அடைப்பு இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார் என்றும், நாளை வரை பார்த்துவிட்டு மறுபடி சேர்த்து ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவு உள்ளே போய் ஒன்றும் வெளியே வராவிட்டால் வயிறு உப்ப வேண்டுமே, உப்பியதாக நீ எழுதவில்லையே என்று எனக்குத் தோன்றியது. குழுவில் கேட்கலாம் என்று தட்டெழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். நடுவில் பேசிக் குழப்பக் கூடாதல்லவா?

ஐந்தாவது குறிப்பு. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். "நீங்க எதுக்குத்தான் லாயக்கு?" என்று வராந்தாவில் கேட்டாய். உன் மாமியார் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையைத் தாழ்த்தியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள் செய்யும் மரியாதை அது, நம் வீட்டு மரியாதை. பிறகு, "கொஞ்ச நாள் வராதீங்கப்பா, ஷீபா அம்மா பாத்துக்கிறாங்க" என்றாய். கொஞ்ச நாள் என்றால் எத்தனை என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று பூந்தமல்லிச் சாலையில் பேருந்துக்கு நின்றபோது, ஜெனிக்குப் படித்துக்கொண்டிருந்த புத்தகம் என் பையிலேயே வந்துவிட்டதைப் பார்த்தேன். கதை பாதியில் நிற்கிறது. திருப்பிக் கொடுக்க மேலே ஏறி வந்தால் வேண்டுமென்றே வந்தேன் என்று நினைப்பாயோ என்று அப்படியே பேருந்தில் ஏறிவிட்டேன்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. குழந்தை பட்டினி கிடந்ததைப் பார்த்த தகப்பன் அப்படித்தான் பேசுவான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து, நான் வாயைத் திறந்த இடங்களில் எல்லாம் என்னை மூடச் சொன்னாய். உன் கல்யாணப் பேச்சில், வீடு பார்த்தபோது, ஜெனியைப் பள்ளியில் சேர்த்தபோது. எல்லாவற்றிலும் நீ சொன்னது சரியாகவே இருந்தது. அதனால் எனக்குச் சண்டை போடக்கூட இடமில்லாமல் போயிற்று. மூடி மூடிப் பழகிய வாய் ஒருநாள் தேவைப்பட்ட நேரத்தில் திறக்கவில்லை என்றால் அந்தக் குற்றம் முழுவதும் என்னுடையதா? பாதியாவது உன்னுடையது இல்லையா? சரிபாதி என்று சொல்லமாட்டேன். எனக்கு நிச்சயமில்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அப்போதுதான் அம்மாவின் போன் அடித்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள். ஷீபாவின் பெயர் தெரிந்ததால் எடுத்தேன். பேசியது ஜெனி. தாத்தாகிட்ட குடுங்க பாட்டி என்றாள், நான்தான் என்றேன். அம்மா குளிக்கிறாங்க, அம்மாச்சி தூங்குறாங்க என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, நாங்கள் தினமும் பேசிக்கொள்கிறவர்கள் போல நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தாத்தா, எறும்பு வராம இருக்க என்ன போடணும்?"

"மஞ்சள்தூள் போடலாம்மா," என்றேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்வது என் புத்தி. பிறகுதான், "எங்கே எறும்பு?" என்று கேட்டேன்.

"பால்கனியில. ரோஜாத் தொட்டியில நிறைய வருது. அம்மாச்சி பாத்துட்டா கேப்பாங்க."

"தொட்டிக்கு எறும்பு எதுக்கு வருது?"

"கஞ்சி ஊத்துறேன்ல," என்றாள்.

ஏன் என்று கேட்டேன். சாப்பிட்டால் வாந்தி வரும், வாந்தி வந்தால் மூக்கில் குழாய் விடுவார்கள், பக்கத்து அக்காவுக்கு விட்டார்களே என்று, எனக்குத் தெரியாத ஒன்றை விளக்குகிறவள் போலச் சொன்னாள். "அன்னிக்குச் சத்தம் வந்ததையும் இதுக்குத்தான் சொல்லலியா?" என்றேன். "ம். வந்துச்சுன்னு சொன்னா கஞ்சி குடுப்பேன்னு ஆயா சொன்னாங்கல்ல," என்றாள். காற்று வந்தது என்றால் கஞ்சி, கஞ்சி என்றால் வாந்தி, வாந்தி என்றால் குழாய். வரவில்லை என்றாலும் குழாய்தான் என்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள் பார்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க தாத்தா. அன்னிக்கு மாதிரி."

நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். என் பேசாமையை அப்படிப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

ஜெரோம், என்னை நம்பி எதையாவது சொல்கிற ஆள் இந்த உலகத்தில் இப்போது அவள் ஒருத்திதான். உன் அம்மாகூடச் செய்தியைச் சொல்வாளே தவிர ரகசியத்தைச் சொல்லமாட்டாள். நீ என்னை வீட்டுக்கு வர வேண்டாம் என்ற பிறகும், எறும்புக்கு வழி கேட்க அவள் என்னைத்தான் தேடியிருக்கிறாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: கொஞ்ச நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு அவளாகவே சொல்லிவிடமாட்டாளா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் எடுத்தால் அடைப்பு இல்லை என்று தெரிந்துவிடும் அல்லவா, அப்போது எல்லாம் தானாகச் சரியாகிவிடும் அல்லவா என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவள் இன்னும் எத்தனை வேளை பட்டினி கிடப்பாள் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. உன்னை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. ஷீபாவை அழைத்தேன்.

அவள் ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். ஜெனி பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாக்கு எழுந்திருக்குமா என்பது சந்தேகம். கஞ்சி, தொட்டி, குழாய், பக்கத்துக் கட்டில் பெண் என்று வரிசையாகச் சொன்னேன். திட்டாதே என்றும் சொன்னேன். "மாமா, போனை வச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு ஷீபா பால்கனிக்குப் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்போது போனுக்கு வெகு அருகில் ஜெனியின் குரல் வந்தது. அவள் அழவில்லை.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அவள்தான் துண்டித்திருப்பாள்.

பிறகு ஷீபா உன் அம்மாவை அழைத்தாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், நாளை கூட்டி வாருங்கள், நான் அவளைப் பார்க்கிறேன், அதுவரை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர் சொன்னாராம். ஷீபாவும் ஒரு கிண்ணம் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஒரு வாய், அவள் ஒரு வாய் என்று சாப்பிட்டாளாம். ஒரு வாய்க்குப் பிறகு ஜெனி வாளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். வாந்தி வரவில்லை. அடுத்த வாய்க்கும் வாளியை விடவில்லையாம். அந்த வாளியைப் பிடுங்கிவிடாதே. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். குழாயைப் பற்றி டாக்டரே அவளிடம் நேராகப் பேசட்டும்: எப்போது தேவைப்படும், எப்போது தேவைப்படாது, ஒருமுறை வாந்தி எடுத்ததற்காகவே குழாய் விட்டுவிடமாட்டார்கள் என்று. என் மூன்றாவது குறிப்பில் கஞ்சியின் பதத்தைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறேன். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஷீபா என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். நீயும் இதுவரை அழைக்கவில்லை. ஆறாவது குறிப்பை நான் எழுதப்போவதில்லை. ஜெனியின் போன் வரும்வரை அது நீ தீர்மானிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. கதவைத் திற என்று உன்னிடம் கெஞ்ச ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். இப்போது நீ திறந்தாலும் உள்ளே இருக்கிறவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கதைப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலை வாயைத் திறந்த பக்கத்தில் காகிதம் வைத்திருக்கிறேன். மீதியை நீ படித்துக் காட்டு. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படி.

கடைசியாக, முதல் குறிப்பு தவறு. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் அறிக்கையில் திருத்தத்தை மறைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். அவள் வெட்கப்படவில்லை. விரலை உதட்டில் வைத்தபோது அவள் பாட்டியின் ஜெபமாலையை நினைக்கவே இல்லை. பயந்துபோய், காப்பாற்றச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்த அறையில் வெட்கப்பட்டவன் நான் ஒருவன்தான். என்னிடம் இருந்ததையே அவளிடமும் பார்த்துவிட்டேன்.

அப்பா